மேட்டில் வைத்த குழாய்

எங்கள் துறையின் பெயரை மறுபடி மாற்றிவிட்டார்களாம். 1993இல் நான் விழுப்புரத்தில் உதவிப் பேராசிரியையாகச் சேர்ந்தபோது வாசல் பலகையில் ‘மண், நீர்ப் பாதுகாப்பு’ என்று இருந்தது. பிறகு ‘நீர் மேலாண்மை’ ஆயிற்று. நான் ஓய்வு பெறும் சமயத்தில் ‘நீர் மேலாண்மை மற்றும் காலநிலை மாற்றத் தகவமைப்பு’ என்று பலகை நீண்டுபோய், வாசல் நிலைக்குள் அடங்காமல் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தார்கள். இப்போது அதிலும் ஏதோ சேர்த்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன் செய்து, “மேடம், ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நம்ம மாவட்டத்துல க்ளைமேட் அடாப்டேஷன் எப்படி ஆரம்பிச்சது, நீங்க என்னென்ன பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க. கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருந்தா நல்லாருக்கும்” என்றார்.

எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. என் உத்தியோக காலத்தில் பல வருடங்களை, ஒரு சிமென்ட் குழாயைக் கொஞ்சம் கீழே இறக்கிவையுங்கள் என்று அலுவலகம் அலுவலகமாகக் கெஞ்சுவதில் கழித்தேன். அதைத்தான் எழுத முடியும். மலருக்கு ஆகுமா என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில், நடுவில் பஸ். காணைப் பக்கம் கரும்புக்கும் நெல்லுக்கும் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று அளந்தேன். மரக்காணம் பக்கம் கிணற்றில் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்த்தேன். மாணவர்களுக்கு லெவல் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். லெவல் எடுப்பது என்பது பெரிய வித்தை இல்லை. முக்காலியின் மேல் ஒரு தொலைநோக்கியைப் பொருத்தி, அதிலுள்ள நீர்க்குமிழை நடுவில் நிறுத்தி, தூரத்தில் ஒருவர் நட்டமாகப் பிடித்திருக்கும் அளவுக்கோலைப் படிப்பது. இரண்டு இடங்களில் எது மேடு, எது பள்ளம், எவ்வளவு வித்தியாசம் என்று சுத்தமாகச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு குழப்பம், கோலில் எண் பெரிதாகத் தெரிந்தால் அந்த இடம் பள்ளம். வருடா வருடம் பாதி வகுப்பு இதைத் தலைகீழாக எழுதும். தண்ணீர் சம்பந்தமான படிப்பில் இதைவிட எளிதானதும் கிடையாது, இதைவிட முக்கியமானதும் கிடையாது என்பது என் கட்சி. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும். மற்றதெல்லாம் அதற்கு மேல்தான்.

எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் தணிகாசலம். அவர் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாம் பேசும்போது குறுக்கே பேச மாட்டார். முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “ரொம்ப நல்ல பாயின்ட்” என்பார். நாம் சந்தோஷமாக வெளியே வருவோம். அந்த விஷயம் அதோடு செத்துவிட்டது என்று புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று. கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை. அளவுகளில் பொய் எழுதவும் விடமாட்டார். ஆனால் அவர் மேசையைத் தாண்டி எதுவும் நகராது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அவரிடம் போய், மழையின் போக்கு மாறுகிறது என்று சொன்னேன். ஐப்பசி கார்த்திகையில் நிதானமாகப் பெய்ய வேண்டியது சில நாட்களில் கொட்டிவிட்டுப் போகிறது, ஏரிகளும் வாய்க்கால்களும் அதற்குத் தகுந்தபடி இல்லை, இதை ஒரு ஆராய்ச்சியாக எடுக்கலாம் என்றேன்.

“மழை நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா. கீழ விழுந்த பிறகுதான் அது நம்மளுது” என்றார்.

2005ஐத் தாண்டியதும் எல்லாம் திரும்பியது. காலநிலை மாற்றம் என்று எழுதினால்தான் திட்டத்துக்குப் பணம் என்றாயிற்று. அதே தணிகாசலம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, “எல்லா ப்ரொபோசல்லயும் க்ளைமேட் வரணும்மா, தலைப்புலயே வரணும்” என்றார். பத்து வருடம் முன்னால் யாரும் நம்பாத ஒன்றை இப்போது எல்லாரும் அளவுக்கு மீறி நம்பினார்கள். போர்வெல் வற்றினால் காலநிலை மாற்றம். ஏரி தூர்ந்தால் காலநிலை மாற்றம். மல்லாட்டை என்கிற நிலக்கடலையில் பூச்சி விழுந்தால் அதுவும் அதுதான். அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் வராத அன்று எங்கள் கிளார்க் அதையே சொன்னார். காலநிலை மாறுகிறது என்பது உண்மை. அதை வைத்தே படிப்பு சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் யாரும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் எல்லாப் பழியையும் கொண்டுபோய் வைப்பதற்கு வானத்தைப் போல வசதியான இடம் இல்லை.

அப்படி வந்த திட்டங்களில் ஒன்று, வறட்சியைத் தாங்கும் கிராமம். கிளியனூரிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தச் சாலைக்கு மேற்கே காலனி. சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பங்கள். சாலைக்குக் கிழக்கே ஏரி, ஏரிக்குக் கீழே ஊர்க்காரர்களின் வயல்கள். மேற்கிலுள்ள மேட்டு நிலங்களில் பெய்யும் மழை ஒரு வாய்க்காலில் சேர்ந்து, காலனியை ஒட்டி வந்து, சாலைக்கு அடியில் புகுந்து, ஏரிக்குப் போக வேண்டும். பழைய மண்சாலையை உயர்த்தித் தார் போட்டபோது அடியில் புதிதாக ஒரு சிமென்ட் குழாய் பதித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஏரி நிரம்பவில்லை. அதனால்தான் அந்த ஊர் எங்களுக்கு ‘வறட்சிக் கிராமமாக’க் கிடைத்தது.

திட்டத்தின்படி பண்ணைக் குட்டைகள் வெட்டினோம். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தோம். குட்டை எங்கே வெட்ட வேண்டும் என்பதற்குத் தண்ணீர் வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும். தணிகாசலம் தார்ச்சாலையைப் பார்த்தார். “விசிட்டர்ஸ் வந்தா கார்லேர்ந்து எறங்கினதும் தெரியணும்மா” என்றார். குட்டைக்கு முன்னால் நீலப் பலகை வைத்தோம். குட்டையில் தண்ணீர் வர வழியே இல்லை. டெல்லியிலிருந்து குழு வந்த அன்று டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினோம். அவர்கள் குட்டையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே லெவல் கருவியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். வேலிக்காத்தானும் கோரையும் மண்டி, தரை எது கரை எது என்று தெரியாத இடம். வெட்டிவிட்டுத்தான் கோலை நிறுத்த முடிந்தது. குழாயின் வாய், வாய்க்கால் தரையைவிட முழங்காலுக்கு மேல் உயரத்தில் இருந்தது. அதிலும் பாதிக்கு மண். தண்ணீர் சாலையைத் தாண்ட வேண்டுமானால் முதலில் காலனிப் பக்கம் குளமாகத் தேங்கி, அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். ஏறினாலும் ஏரிக்குப் போவது ஒழுகல்தான்.

ஒரே மழை. சாலைக்கு இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் வறட்சி. ஒரு அலுவலகம் காலனிக்கு வெள்ள நிவாரணம் எழுதியிருந்தது. இன்னொரு அலுவலகம் ஏரிப் பாசனத்துக்கு வறட்சி நிவாரணம் எழுதியிருந்தது. இரண்டிலும் காரணம் வானிலைதான்.

ஊரில் இதற்கு வேறு காரணங்கள் வைத்திருந்தார்கள். ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் ஏகாம்பரம். “அவங்க வாய்க்கால்லயே வூடு கட்டிக்கினு குந்தியிருந்தா தண்ணி எப்படி மேடம் வரும்?” என்றார். காலனியில் மகளிர் குழுவை நடத்தியவள் அஞ்சலை. நாற்று நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள். “ஊர்க்காரங்க வேணும்னே அடச்சி வச்சிக்கினு எங்கள முழுவடிக்கிறாங்க மேடம். வருசம் வருசம் இதே பேஜாரு” என்றாள். இரண்டு பேரிடமும் குழாயைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். பக்கத்து மனிதர் மேல் சொல்லிப் பழகிய குற்றத்தை ஒரு குழாயின் மேல் மாற்றிப் போடுவது சுலபமில்லை.

தணிகாசலத்திடம் படம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார்.

“ரொம்ப நல்ல பாயின்ட். ஆனா இது ஸ்ட்ரக்சர்மா. நம்ம ப்ராஜெக்ட் அடாப்டேஷன்.”

“சார், அந்தக் குழாய எறக்கி வைக்கிறதுதான் சார் அடாப்டேஷன்.”

சிரித்தார். அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

பிறகு நானே அலைந்தேன். சாலை போட்ட அலுவலகத்தில், குழாய் வரைபடத்தின்படிதான் இருக்கிறது, வரைபடம் வேறு இடத்தில் இருக்கிறது என்றார்கள். வாய்க்காலைப் பார்க்கிற அலுவலகத்தில், வாய்க்கால் எங்களுடையது, குழாய் எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் குழாய் உண்டு, வாய்க்கால் கிடையாது. நாலாவது இடத்தில் ஒருவர் பொறுமையாக டீ வாங்கிக் கொடுத்து, “இப்பல்லாம் மழையே இல்லையே மேடம், எல்லாம் க்ளைமேட் சேஞ்சு. கொழாய எறக்கி இன்னா பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டில் என் கணவர், “அந்தக் குழாய நாமளே வெலைக்கு வாங்கி வாசல்ல போட்டுக்கலாம், உனக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி” என்றார்.

இப்படியே சில மழைக்காலங்கள் போயின. பிறகு ஒரு கார்த்திகையில் விடாமல் கொட்டியது. திண்டிவனத்தில் எங்கள் தெருவிலேயே தண்ணீர் நின்றது. பஸ் ஓட ஆரம்பித்ததும் கிளியனூருக்குப் போனேன். உள்ளே போகும் பஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. “அதுக்கு மேல ரோடு இல்லங்க” என்றார் கண்டக்டர். இறங்கி நடந்தேன்.

ரோடு இல்லைதான். குழாய்க்குப் பக்கத்தில் சாலையைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். வெட்டியது கொஞ்சம், தண்ணீர் அறுத்துக்கொண்டது மிச்சம். செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைச்சலோடு ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே ஏரிக்கரையில் ஊர்க்காரர்கள் வரிசையாக நின்று தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே காலனியில் நனைந்த பாயையும் அரிசிப் பானையையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளில் சுவரே இல்லை.

அஞ்சலை வீட்டில் சுவர் அவள் புருஷன் மேல் விழுந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைத் தூக்கப் போனவர் அகப்பட்டுக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. இவருக்கு இடுப்பும் தொடையும் நொறுங்கிவிட்டன. கட்டிலோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து சாலைக்குக் கொண்டுவந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வண்டி போனதும் அஞ்சலையின் தம்பி செல்வம் கடப்பாரையோடு திரும்பி வந்து சாலையில் முதல் போடு போட்டான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரும் ஒளியவில்லை, மறைக்கவில்லை.

மாலைக்குள் போலீஸ் வந்து செல்வத்தையும் இன்னும் சில ஆண்களையும் கூட்டிக்கொண்டு போனது. பொதுச்சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு. செல்வம் அரசு பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகி, உத்தரவுக்காகக் காத்திருந்தவன்.

நான் ஏகாம்பரத்தைத் தேடிப் போனேன். ஏரி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அவர் மதகுப் பலகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு மேடம். இல்லன்னு சொல்ல முடியுமா.”

“அப்ப ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. அவங்க வெட்டினதாலதான் வந்துச்சுன்னு.”

“அதெப்படி மேடம்? நான் போயி அவங்களுக்குப் பேசினா ஊர்ல இன்னா சொல்லுவாங்க? நாளைக்கு நான் இங்க இருக்க வாணாமா?”

“அவங்க வெட்டின தண்ணில நீங்க நெல்லு போடுவீங்க. அதுக்கு ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

அவர் மறுபடி மதகுப் பலகையைப் பிடித்துக்கொண்டார். நான் சற்று உரக்கவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தணிகாசலம் என்னைக் கூப்பிட்டு, இது சட்டம் ஒழுங்கு விஷயம், நாம் தலையிடக் கூடாது என்றார். ஆனால் அவருடைய கெட்ட நேரம், சப் கலெக்டர் இளைஞர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. இடத்திலேயே விசாரணை வைத்து, எங்கள் துறையின் தொழில்நுட்பக் கருத்தைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். தணிகாசலம் வந்தே ஆக வேண்டியதாயிற்று. துறை ஜீப்பில் குடையோடு வந்தார். கருவி வரவில்லை. கோல் பிடிக்கும் உதவியாளருக்கு அன்று திடீரென்று காணையில் வேறு வேலை போட்டிருந்தார்கள். இப்படி ஏதாவது ஆகும் என்றுதான் நான் முந்தின நாளே கருவிப் பெட்டியையும் முக்காலியையும் அளவுக்கோலையும் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன். கண்டக்டர் மூன்றுக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

விசாரணை அன்று தண்ணீர் வடிந்திருந்தது. வெட்டிய பள்ளத்தின் மேல் பலகை போட்டு ஆட்கள் நடந்தார்கள். குழாய் அப்படியே இருந்தது. நான் சாலையோரம் முக்காலியை ஊன்றினேன். தார் ஓரத்தில் கால் வழுக்கியது. மண்ணில் அழுத்தி மிதித்து, மூன்று திருகாணியையும் மாற்றி மாற்றித் திருகி, குமிழ் நடுவில் நிற்கும் வரை யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவசரப்பட்டால் குமிழ் நிற்காது.

கோல் பிடிக்க ஆள் இல்லை. அஞ்சலை வந்தாள். “எப்படி புடிக்கணும்னு சொல்லு மேடம்” என்றாள். சாயாமல் நட்டமாகப் பிடிக்கச் சொன்னேன். வாய்க்கால் தரையில் ஒன்று, குழாயின் வாயில் ஒன்று. அந்தப் பக்கம் ஏரி வாய்க்காலில் எடுக்க வேண்டும். அவள் சாலையில் ஏறி நின்றாள். ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் இறங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. ஏகாம்பரம் பலகையைத் தாண்டி வந்து கையை நீட்டினார். அவள் கோலைக் கொடுத்தாள். நல்லெண்ணத்தில் வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். வெட்டிய இடத்தை மூடப்போகிறார்கள், மூடினால் ஏரிக்கு மறுபடி தண்ணீர் வராது என்ற பேச்சு ஊரில் வந்துவிட்டிருந்தது. எதற்காக வந்தாலும் கோலை நேராகத்தான் பிடித்தார்.

நான் எண்களை உரக்கச் சொல்லச் சொல்ல, சப் கலெக்டரின் உதவியாளர் எழுதினார். கூட்டத்தில் ஒருவர், “பாத்தீங்களா, காலனி பக்கம் நெம்பரு ஜாஸ்தி. அப்ப அவங்கதான் மேடு” என்றார். உடனே ஊர்ப்பக்கம் சலசலப்பு. “நெம்பர் ஜாஸ்தியானா பள்ளம்” என்றேன். “அதெப்படி மேடம் அது?” என்றார்கள். நான் ஏகாம்பரத்தைக் கோலோடு சாலையின் மேல் நிற்கச் சொல்லி, பிறகு பள்ளத்தில் இறங்கச் சொல்லி, எண் எப்படி மாறுகிறது என்று எல்லாருக்கும் காட்டினேன். இத்தனை வருடம் வகுப்பில் சொன்னதை நடுரோட்டில் சொன்னேன். மாணவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள்.

சாலை அலுவலகத்திலிருந்து வந்தவர் குறுக்கே வந்தார். “சார், வெள்ளத்துல தரை அரிச்சுப் போயிருக்கு. குழாய் வச்சப்ப லெவல் சரியாத்தான் இருந்திருக்கும்.”

கேள்வி நியாயமானது. சப் கலெக்டர் என்னைப் பார்த்தார். அரிப்பு எட்டாத இடம் வேண்டும். “அஞ்சலை, ஒங்க வீட்டு வாசப்படில கோலை வை” என்றேன்.

அவள் வீட்டில் சுவர் போயிருந்தது, வாசல்படிக் கல் இருந்தது. அதன் மேல் கோலை நிறுத்தினாள். நான் படித்தேன். பிறகு விலகி நின்று, “சார், நீங்களே பாருங்க” என்றேன். அவர் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். குழாயின் வாயில் என்ன எண் வந்ததோ கிட்டத்தட்ட அதே எண்தான் அங்கேயும் வந்தது. கொஞ்சம் கூடுதல்.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“குழாய்க்குள்ள தண்ணி போறதுக்கு முன்னாடி இவங்க வீட்டுக்குள்ள போயிடும் சார். வாசப்படி அரிக்கல.”

அவர் நிமிர்ந்தார். அஞ்சலை அங்கேயே கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோலை இறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சப் கலெக்டர் தணிகாசலத்திடம் திரும்பி, “சார், இவங்க சொல்றது சரியா?” என்றார்.

தணிகாசலம் குடையை ஜீப் டிரைவரிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரே கருவிக்குப் போனார். குமிழைப் பார்த்தார். குனிந்து வாசல்படியில் இருந்த கோலைப் படித்தார். பிறகு எழுதியிருந்த எண்களை ஒருமுறை பார்த்தார்.

“ரீடிங் சரி” என்றார்.

அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அது போதுமானதாக இருந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். கைதானவர்கள் ஜாமீனில் வந்தார்கள். வீடு இழந்தவர்களுக்கு மேட்டில் மனை கொடுத்தார்கள். குழாயை இறக்கி வைக்கவும் வழக்கைத் திரும்பப் பெறவும் சப் கலெக்டர் மேலே எழுதினார். எழுதிய கொஞ்ச நாளில் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவரைப் பார்க்கப் போனேன். அவர் மரியாதையாக உட்காரவைத்து, எந்தக் குழாய் என்று கேட்டார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

உத்தரவு வரவே இல்லை. வெயில் காலத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது கான்ட்ராக்டரின் ஆட்கள் வெட்டிய இடத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக இரண்டு பெரிய குழாய்கள் கிடந்தன. எனக்குப் பதறியது. மேஸ்திரியிடம் போய், “எந்த லெவல்ல வைக்கப் போறீங்க?” என்றேன்.

“லெவலா? தண்ணி அறுத்து இம்மாம் பள்ளமாயி கெடக்குது பாருங்க. இத ரொப்பி அதுக்கு மேல கொழா வைக்கணும்னா எத்தினி லோடு மண்ணு ஆவும்? பள்ளத்துலயே வச்சி மூடிடுவோம். ஜல்தியா முடிஞ்சிடும்” என்றார்.

பள்ளத்தின் அடியைப் பார்த்தேன். வாய்க்கால் தரைக்கும் சற்றுக் கீழே இருந்தது. நான் வருடக்கணக்கில் கேட்ட இடம் அதுதான். மண் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஒரு மேஸ்திரி அதை எனக்குக் கொடுத்துவிட்டார்.

எத்தனையோ பேரிடம் லெவல், லெவல் என்று தொண்டை வற்றக் கத்தியவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் யாராவது போய் அந்த வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கிளியனூர் வரை திரும்பி நடந்து, கடையில் டீ குடித்து, மூடி முடித்திருப்பார்கள் என்று தோன்றும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மழையில் காலனியில் தண்ணீர் நிற்கவில்லை. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே வெளியேறியது. எங்கள் துறை ஆண்டறிக்கையில் ஏரியின் படத்தைப் போட்டு, பண்ணைக் குட்டைகளாலும் சமுதாயப் பங்கேற்பாலும் கிராமம் வறட்சியிலிருந்து மீண்டது என்று எழுதினார்கள். அதற்குப் பாராட்டும் கிடைத்தது. நான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தணிகாசலத்திடம் போய், “சார், இதுல எங்கயும் குழாய் இல்லையே” என்றேன்.

என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் ஓய்வு பெற்றார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். செல்வத்தின் மேலிருந்த வழக்கை யாரும் திரும்பப் பெறவில்லை. வழக்கு நிலுவையில் இருந்ததால் டிரைவர் வேலை போய்விட்டது. திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அஞ்சலையின் புருஷன் கோல் ஊன்றி வீட்டைச் சுற்றி நடக்கிறார், வேலைக்குப் போக முடியாது. நான் அந்த வழக்கில் சாட்சி. சம்மன் வரும்போதெல்லாம் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போகிறேன். ஒருமுறை வக்கீல் வரவில்லை. ஒருமுறை நீதிபதி மாறியிருந்தார். ஒருமுறை என்னைக் கூண்டில் ஏற்றி, பெயர், வயது, தொழில் வரைக்கும் கேட்டார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

போன மாதமும் போயிருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். வாய்தா போட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் செல்வம் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தான். அஞ்சலை எனக்கு ஒரு வாட்டர் பாக்கெட்டைக் கடித்துக் கொடுத்தாள். இந்த மழைக்குக் காலனியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். பெய்த சுவடு தெரியாமல் ஓடிவிட்டது, பசங்க வாய்க்காலில் மீன் பிடித்தார்கள் என்றாள். பிறகு கோர்ட் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணி அன்னிக்கே வடிஞ்சிடுச்சி மேடம்” என்றாள். “கேஸுதான் இன்னும் வடியல.”